பாவம் பார்க்கிற மரியராஜ் சார்

பாவம் பார்க்கிறவர் என்றோர் இனம் உண்டு. பாவம் செய்கிறவரல்ல, பார்க்கிறவர். செய்கிறவராவது ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஓய்ந்திருப்பார். இவருக்கு விடுமுறையே கிடையாது. பஸ்ஸில் ஒருவர் நொண்டிக்கொண்டு ஏறினால் இடம் கொடுத்துவிட்டு, அவர் ஏன் நொண்டுகிறார் என்று வண்டியூர் வரைக்கும் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே வருவார். எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை தும்மினால் அவருடைய பிள்ளைகுட்டிகளின் எதிர்காலத்தை நினைத்துக் கண் கலங்குவார். பார்த்ததில்லையா? அவனியாபுரம் பக்கத்து நூல் மில்லுக்கு வாருங்கள். நலத்துறை அதிகாரி மரியராஜைக் காட்டுகிறேன்.

வேலையில் காயம்பட்டவர்களை, ஊனமுற்றவர்களை எப்படி நடத்துவது என்ற அறிமுகப் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். 'பாவம் என்று சொல்லாதீர்கள். என்ன வேலை முடியும் என்று அவர்களையே கேளுங்கள்' என்றார்கள் அங்கே. மரியராஜ் உருகிப்போனார். திரும்பி வந்ததும் எல்லோரையும் கூட்டிவைத்து, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே அறிவித்தார்:

"இனிமே யாரையும் பாவம்னு சொல்லப்படாது. கேக்குறவங்க மனசு எம்புட்டு நோகும், பாவம்!"

அந்த வாரந்தான் தங்கப்பொண்ணு வேலைக்குத் திரும்பினாள். இடது கைச் சுண்டுவிரலை மில்லின் பல்சக்கரம் தின்றிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆறாதது ஒரு பயம்: வாசல் ஸ்டூல். முன்பு கால் நசுங்கிய சோணையைப் பாவம் பார்த்து அதில் உட்காரவைத்தவர் மரியராஜ்தான். கால் குணமாகி, சோணை தெப்பத் திருவிழாவில் வடம்கூடப் பிடிக்கிறான். மில்லில் மட்டும் இன்னும் எழுந்தபாடில்லை. தங்கப்பொண்ணுக்கு ஸ்டூல் வேண்டாம். நூல் சுற்றும் தன் மெஷின் வேண்டும்.

"உன்னால என்ன வேலை முடியும்மா?" பயிற்சியில் சொன்னபடியே மரியராஜ் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், "என்னத்த முடியும்! அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடணுமே. புது ஸ்டூல் வாங்கியாச்சு, உக்காரும்மா," என்றார்.

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. எனக்கு வெரலுதான் சார் போச்சு, வாயி போகல."

மெஷின் இரைச்சலையும் மீறிச் சிரிப்பு எழுந்தது.

"சுண்டுவெரல்ல முடிச்சுப் போடுறவ எவ சார் இருக்கா?" என்றார் மேஸ்திரி உக்கிரபாண்டி. "நீ போடு தாயி."

போட்டாள். நூல் ஓடியது. மறுபடி அறுந்தது, மறுபடி போட்டாள்.

"மாப்ள, நீயும் எந்திரி," என்று மேஸ்திரி வாசலைப் பார்த்துக் கத்தினார். "தெப்பத்தையே இழுத்துப்புட்ட!"

சோணை எழுந்துவிட்டான். சொல்லக்கூடாத அந்த வார்த்தை மரியராஜின் தொண்டைவரை வந்து, வெளியே வர வழியில்லாமல், கண் வழியாகக் கொட்டியது. புது ஸ்டூலில் அவரே பொத்தென்று உட்கார்ந்தார்.

"சாருக்குத் தண்ணி குடுங்கண்ணே," என்றாள் தங்கப்பொண்ணு, நூலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாவம்."

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? சுண்டுவிரல் போனதைப் படித்தபோது நீங்கள் 'ச்சூ' கொட்டியது எனக்குக் கேட்டது. சோணையின் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது.