நத்தைக்கு வந்த நோட்டீஸ்

அன்பும் மரியாதையும் இன்னும் குறையாத மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கள் அத்தைக்கு முட்டிவலி, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் உங்கள் நோட்டீஸ் வந்ததிலிருந்து சுகமாக இல்லை. வீட்டுக்கு வந்தால் "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று வாய்நிறையக் கேட்கிறவர், கம்பெனி வக்கீலாக உட்கார்ந்ததும் என்னை "எதிர்த்தரப்பினர்" என்று எழுதலாமா?

உங்கள் கம்பெனி கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டத்தை விற்கிறது. அதன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், இலவசமாகவும் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். கம்பெனியின் பெயரையும் நீலக் குடைச் சின்னத்தையும் மட்டும் தொடக்கூடாது. சரி ஐயா, குடை உங்களுடையது. ரிட்டயர் ஆன நாங்கள் நாலைந்து பேர் எங்கள் ஊர் நூலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களுக்காக அந்த நிரலைத் திரும்பக் கட்டி, நத்தை என்று பெயரும் படமும் வைத்தோம். வரும் திங்கட்கிழமை அதற்குத் திறப்பு விழா. வேலைக்கு மனுப்போட அந்த நூலகத்தை விட்டால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை.

முகப்பில் இருந்த குடையை எடுத்தோம், மெனுவில் எடுத்தோம், கடைசியில் பிரிண்டர் ஓடுகிறதா என்று சோதனைத் தாள் அடித்தால் நட்டநடுவில் குடை விரிந்து நிற்கிறது, அது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டி, கம்பெனி பெயரையும் சின்னத்தையும் உடனே நீக்குக என்று முதல் நோட்டீஸ் வந்தது, வந்த கோபத்தில் உங்கள் கம்பெனி பெயர் இருந்த இடத்திலெல்லாம் நத்தை, குடை இருந்த இடத்திலெல்லாம் நத்தை என்று ஒரே கட்டளையில் மாற்றித் தள்ளினேன், மறுநாளே நூலகர் அம்மா போன் போட்டு, "சார், வானிலையில மழைக்கு நேரா நத்தை நிக்குது. நாளைக்கு நான் குடை எடுத்துட்டு வரணுமா, வேணாமா?" என்கிறார். அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் உங்கள் இரண்டாவது நோட்டீஸ்: நிரல் ஃபைல்களின் தலையில் இருக்கும் பதிப்புரிமை வரிகளில் கம்பெனியின் பெயரை நீக்கியது குற்றம், வெளியீட்டை நிறுத்துக!

ஏன் மாப்பிள்ளை, விளையாடுறீங்களா? பேரு இருந்தா ஏன் இருக்குங்கறீங்க, எடுத்தா ஏன் எடுத்தேங்கறீங்க. திரையில தெரியக் கூடாதாம், ஃபைலுக்குள்ள இருந்தே ஆகணுமாம். அப்படி என்னய்யா பெரிய பேரு? நாலு எழுத்து, ஒரு குடைப்படம். எங்க நத்தையை எவன் தூக்கிட்டுப் போனாலும் நான் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்!

"மாப்பிள்ளையோட மல்லுக்கு நின்னுட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போறது?" என்று உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். போக வேண்டாம். நோட்டீஸை வாபஸ் வாங்கும்வரை உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். இது சத்தியம்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும்தான்; உங்கள் கம்பெனிக்குக் கிடையாது.

இப்படிக்கு,
கோபமும் பாசமுமாக,
மாமா

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது ஒரு போன். எவனோ எங்கள் நத்தையை எடுத்து, கண்டபடி மாற்றி, எங்கள் பெயரையும் படத்தையும் போட்டே ஊரெல்லாம் கொடுத்திருக்கிறான். அது பாதியில் படுத்து, ஒரு அம்மா எழுதி வைத்ததெல்லாம் போயே போய்விட்டது. "நத்தைக்காரர் நீங்கதானே? நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார். எவனோ செய்ததற்கு என் பெயர் கெடுவதா? விடுவேனா? உங்கள் முதல் நோட்டீஸை எடுத்து, கம்பெனி பெயர் வந்த இடத்திலெல்லாம் நத்தை என்று அதே கட்டளையால் மாற்றி, அந்த அம்மாவிடமே அவன் ஈமெயிலைக் கேட்டு வாங்கி உடனே அனுப்பிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள். பதிப்புரிமை வரிகளையும் இன்றே பழையபடி போட்டுவிடுகிறேன், திறப்புக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: கம்பெனி பெயரெல்லாம் மாறிவிட்டது, அடியில் உங்கள் கையெழுத்து மட்டும் அப்படியே போய்விட்டது. அவன் போன் செய்தால் கறாராகப் பேசுங்கள் மாப்பிள்ளை, இறங்கிப் போய்விடாதீர்கள்.