துணிக்கொடியில் காய்ந்த டாக்டர் பட்டம்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி திடீரென்று புண்ணிய ஸ்தலமாகிவிட்டது. படிக்கட்டின் அடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மேலே சாமி எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் தலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அதன் பக்கத்தில் டாக்டர் டாக்டர் கலைச்செல்வன்.

அச்சுப்பிழை அல்ல, இரண்டு டாக்டர்தான். ஒன்று அமெரிக்காவில் வாங்கியது என்றார். இன்னொன்று அந்த முதல் பட்டம் தனியாக இருக்கிறதே என்று துணைக்கு வைத்துக்கொண்டது போலும்.

அவர் ஆன்லைன் வழியாக அமெரிக்கப் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டம் வாங்கித் தந்தார். பாடம், பள்ளித் தலைமை. அதாவது, ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து கற்றுக்கொள்ள வேண்டும். வரதராஜன்பேட்டையிலிருந்தும் ரஞ்சன்குடியிலிருந்தும் தலைமை ஆசிரியர்கள் வந்து குவிந்தார்கள். வகுப்பில் எவனாவது "ஏன் சார்?" என்று கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவர்கள், இங்கே ஏன் என்று கேட்காமல் படியேறினார்கள்.

அவர்களில் ஒருவர் இளையபெருமாள். கீழப்பழுவூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். நல்ல மனிதர், கணக்கு அருமையாகச் சொல்லித் தருவார். அவருக்கு இருந்த ஒரே வியாதி நாற்காலி. அவருக்கு ஜூனியரான அமிர்தலிங்கம் எங்கேயோ ஒரு டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து, கூட்டங்களில் அமிர்தலிங்கத்துக்கு மெத்தை வைத்த நாற்காலி. இளையபெருமாளுக்கு ஸ்டூல். அதிலும் ஒரு கால் ஆடும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸை அந்த ஆடுகிற காலில் உட்கார வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

எட்டே நாளில் ஆராய்ச்சியை எழுதி முடித்துவிட்டார். கலைச்செல்வன் அட்டையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"தலைப்புல கூட்டுத்தொகை எட்டு வருது சார். ஆகாது. தலைமையில இன்னொரு 'ம்' சேத்துக்கங்க."

"தலைம்மையா?"

"அமெரிக்காக்காரனுக்கு அதுதான் ராசி."

தமிழில் எழுதிய ஆராய்ச்சியை அமெரிக்காக்காரன் எப்படிப் படிப்பான் என்று இளையபெருமாள் கேட்டாரா? கேட்கவில்லை. 'ம்' சேர்த்தார்.

பிறகு நேர்முகத் தேர்வு. ஒரு துணித்திரைக்குப் பின்னால் தனியாக உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஜன்னலுக்கு ஒரு ஒயர் போனது. அதற்கு மஞ்சள் பூசிக் கதம்பம் சுற்றியிருந்தது. "இதுலதான் சார் அமெரிக்கா வருது, மிதிச்சிடாதீங்க" என்றார் கலைச்செல்வன். இளையபெருமாள் ஒயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரையில் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் புரொபசர் தோன்றினார்.

"ஹலோ ஃபிரெண்ட்ஸ்! ஆர் யூ டயர்ட்?"

இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியாவது இளையபெருமாளைப் பார்த்து டயர்டா இருக்கீங்களா என்று கேட்டதுண்டா? "ஆமா சார், ரொம்ப" என்றார்.

"நோ ப்ராப்ளம்! இட்ஸ் ஸோ ஈஸி!" என்று புரொபசர் சிரித்தார். கலைச்செல்வன் மௌஸைத் தட்ட, திரை அணைந்தது.

எல்லாத் தலைமை ஆசிரியர்களிடமும் புரொபசர் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். டீக்கடையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதுவும் தெரிந்தது. சந்தேகப்பட்டார்களா? "பாரபட்சமே கிடையாது பாத்தீங்களா!" என்று மெய்சிலிர்த்தார்கள்.

பட்டமளிப்புக்கு நாலு நாள் இருந்தபோது கலைச்செல்வன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"சர்வர் டவுன் சார்."

"எந்த டவுனுங்க? பெரம்பலூரா?"

டாக்டர் டாக்டர் எலுமிச்சம்பழத்தைத் திருப்பி வைத்தார். "அமெரிக்கா டவுன் சார். உங்க பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைக் குருதட்சணையாக் குடுங்க, சர்வர் எந்திரிச்சிடும்."

எட்டு மனு போட்டு அந்தப் பள்ளிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டர் அது. போன வாரம்தான் ஏழாம் வகுப்பு இலக்கியா அதில் தன் பெயரை அடித்துவிட்டு, வாட்ச்மேன் வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். இளையபெருமாளுக்கு அது நினைவுக்கு வந்தது. மெத்தை நாற்காலியும் நினைவுக்கு வந்தது. நாற்காலி ஜெயித்தது.

அவர் மனைவி சிந்தாமணி அரியலூர் டெலிபோன் ஆபீஸில் கிளார்க். பட்டமளிப்பு அன்று காலை, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டாள்.

"ஏங்க, அந்த மாடிக்கு லைன் வெட்டி மூணு மாசமாச்சு. ரிஜிஸ்டரே எங்கிட்டதான் இருக்கு."

"இது ஆன்லைன்டி. அது வேற."

"லைனே இல்லாம எப்புடிங்க ஆன்லைன்?"

"டாக்டருக்குப் படிச்சவங்க பேச்சுல நீ தலையிடாத."

சிந்தாமணி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மாடியில் நாற்பது தலைமை ஆசிரியர்கள் வெறுங்காலோடு, கைகூப்பி நின்றார்கள். இன்று திரைமறைவு இல்லை, எல்லாருக்கும் பொது தரிசனம். கலைச்செல்வன் நல்ல நேரம் பார்த்து மௌஸைத் தட்டினார்.

"ஹலோ ஃபிரெண்ட்ஸ்! ஆர் யூ டயர்ட்?"

"யெஸ் சார்!" என்று நாற்பது பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டார்கள்.

சிந்தாமணி நடந்து போனாள். குனிந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஒயரைப் பிடுங்கினாள்.

"நோ ப்ராப்ளம்!" என்றார் புரொபசர்.

"ஐயோ அம்மா! கனெக்ஷன்!" என்று கலைச்செல்வன் பாய்ந்தார்.

"கனெக்ஷன் என் கையில இருக்குங்க. அவரு இன்னும் பேசுறாரே?"

சொல்லிக்கொண்டே அவள் ஒயரைப் பிடித்து இழுத்தாள். ஒயர் ஜன்னல் வழியாக வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு துணிக்கொடி வந்தது. ஒயர் அதில்தான் கட்டியிருந்தது. கொடியோடு ஒரு கைலியும் இரண்டு பனியனும் உள்ளே வந்தன. கலைச்செல்வன் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இந்த இழுபறியில் மௌஸைத் தட்ட மறந்துபோனார்.

வழக்கமாக அவர் நிறுத்துகிற இடம் தாண்டிவிட்டது. புரொபசர் மேஜைக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டைக்கோஸை எடுத்தார். அப்புறம் ஒரு காய் சீவும் மெஷினை எடுத்தார். "ஜஸ்ட் டூ மினிட்ஸ்!" என்று சரசரவென்று சீவித் தள்ளினார்.

ஒரு தலைமை ஆசிரியர் நோட்டில் 'முட்டைக்கோஸ்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"இதுல ஏதோ உள்ளர்த்தம் இருக்கு" என்றார் இன்னொருவர்.

"இருக்குங்க. பாசிப்பருப்பு போட்டாக் கூட்டு" என்றாள் சிந்தாமணி.

"இது பிராக்டிகல் கிளாஸ்!" என்று கத்திக்கொண்டே டாக்டர் டாக்டர் படியிறங்கி ஓடினார். கீழே குவிந்து கிடந்த செருப்புகளில் தன் செருப்பு எது என்று தெரியவில்லை. வலது கால் கிடைத்தது. இடது காலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கூச்சல் கேட்டுப் பஸ் ஸ்டாண்டுப் போலீஸ் வந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் இளையபெருமாள் கம்ப்யூட்டரைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "டயர்டான்னு கேட்டானே சிந்தாமணி, அதுலதான் விழுந்துட்டேன்" என்றார்.

"காயி சீவுற மெஷின் விக்கிற விளம்பரக்காரனே கேட்டிருக்கான், நான் கேக்காம விட்டுட்டேன் பாருங்க. டயர்டா இருக்கீங்களா?"

"ரொம்ப."

"வூட்டுக்கு வாங்க, காப்பி போட்டுத் தரேன்."

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பழைய இடத்துக்கு வந்தது. இலக்கியா எழுந்து, "ஏன் சார் எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். பெஞ்சு மேல் ஏறச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த கூட்டத்தில் அதே ஸ்டூல். இளையபெருமாள் தன் 'தலைம்மை' ஆராய்ச்சியை நாலாக மடித்து, ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார். ஸ்டூல் ஆடவில்லை. அந்த ஆராய்ச்சியால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

அந்த மாடியில் இப்போது கைரேகை பார்த்துப் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லும் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். படியடியில் மறுபடியும் செருப்புக் குவியலாம். ஒயரைப் பிடுங்கிப் பார்க்க ஒரு கை போதும் ஐயா. இரண்டு கையையும் கூப்பியே வைத்திருந்தால் எதைக் கொண்டு பிடுங்குவீர்கள்?