குச்சி பார்க்கும் மனிதர்

இந்த இனத்தை அடையாளம் காண உங்களுக்குப் பூதக்கண்ணாடி எதுவும் வேண்டாம். காலை வேளையில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழையுங்கள். ஏதாவது ஒரு வாசலில், நடு ஸ்டாண்டு போட்ட மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், குத்துக்காலிட்டு, ஒரு கையில் அழுக்குத் துணியும் மறு கையில் சின்னதாக ஒரு குச்சியுமாக, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கும் டாக்டரின் முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரேதான். "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போன மாதிரிதான்.

வண்டி ரிப்பேர் இல்லை. என்றைக்குமே ரிப்பேர் ஆனதில்லை. அவர் என்ஜின் ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கிறார். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஆயில் எங்கே நின்றாலும் என்ஜின் சௌக்கியம் என்கிறான் வண்டியைச் செய்தவன். செய்தவனுக்கு என்ன தெரியும்? அவன் செய்ததோடு சரி.

நாம் இன்று பார்க்கப்போகும் ஆசாமி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "எது தெளிவா இருக்கு? இதுவா... இதுவா?" என்று நாளெல்லாம் பிறர் கண்ணைச் சோதித்துச் சோதித்து, எதிலும் ஒரு மயிரிழை முன்னே பின்னே இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வாசல் தரை சரிவோ என்று சந்தேகம் வந்து, கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி, அதை வண்டி சீட்டின்மேல் வைத்துப் பார்த்தவர். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஆயில் கீழே வடியக் காத்திருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், தூளியில் இப்போதுதான் பிள்ளை கண்ணயர்ந்தது போல உதட்டில் விரலை வைப்பார். "உஸ்ஸ்... இறங்கிட்டிருக்கு!"

தன் வண்டியோடு விட்டாரா? கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நண்பரைப் பார்க்கப் போய், கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்கள் கலங்க, "வண்டிய எப்படி வச்சிருக்காங்க? நிமித்தியா, சாய்ச்சா? சாஞ்சு கிடந்தா ஆயில் கசிஞ்சிருமே!" என்று கேட்டவர்.

இவருடைய மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை ஒன்று அங்கே காலியானது. சம்பளம் கூட, வெளிக்காற்றும் கிடைக்கும். ஆனால் வண்டி லைசென்ஸ் வேண்டும். அந்த அம்மாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ஒருமுறை மாநகராட்சிக் குப்பைத் தொட்டிக்குள்ளேயே நேராக ஓட்டிப் போய், எப்படியோ வண்டி பழகிவிட்டார். முதல் தடவை லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது காலை ஊன்றித் தோற்றும் வந்துவிட்டார். இரண்டாவது டெஸ்டுக்கு நாள் வந்தது. "இந்தத் தடவையும் இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்மா" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அன்று காலை அந்த அம்மாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கணவர் குத்துக்காலிட்டிருக்கிறார்.

"இப்போவா?"

"ஒரே ஒரு தடவை. எட்டுப் போட்டுட்டிருக்கப்போ என்ஜின் இறுகிடுச்சுன்னா?"

பாவம், அது பொய்யில்லை. இரவெல்லாம் அந்த மனிதர் தூங்கவில்லை. மனைவி எட்டின் இடுப்பில் வளையும்போது என்ஜின் இறுகி வண்டி அப்படியே நின்றுவிடுவதாக, கண்ணை மூடினால் அதே காட்சி. அன்பு சிலருக்குப் பூவாக வரும். இவருக்கு ஆயிலாக வருகிறது.

குச்சியை எடுத்தார், துடைத்தார், விட்டார், எடுத்தார். மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. அதற்கென்ன, போகலாமே என்று நீங்களும் நானும் சொல்வோம். அவர் புனலை எடுத்தார். மெல்லிசாக ஊற்றத் தொடங்கியபோது மனைவி, "ஏங்க, நேரமாச்சு" என்றார். கை ஆடியது. புனல் 'களக்' என்று விழுங்கியது.

"ஐயோ, ஏறிப்போச்சு!"

"ஏறினா என்ன இப்போ?"

"நுரைக்கும்! சீல் போகும்! புகை கக்கும்! உன் பையில சிரிஞ்சு இருக்குமே, குடு."

"அது மனுஷங்களுக்கு."

"இதுக்கும் உயிர் இருக்கும்மா."

அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பையிலிருந்து புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஒரு ரப்பர் குழாயையும் செருகிக் கொடுத்தார். கணவர் இழுத்த இழுப்பைப் பார்த்ததும் அவருக்குள்ளிருந்த தொழில்காரி சும்மா இருக்க மாட்டாமல், "அப்படி வெடுக்குன்னு இழுக்காதீங்க, காத்து ஏறும். நிதானமா" என்றார். நிதானமாக இழுத்தார். நிறையவே வந்துவிட்டது. இறங்கிப்போச்சு. ஊற்றினார். ஏறிப்போச்சு. இழுத்தார். இறங்கிப்போச்சு. கடைசியில் பொறுமையிழந்து, "அடியிலேயே கொஞ்சம் தளர்த்தி விட்டா சரியாயிடும்" என்று வண்டிக்கு அடியில் படுத்து வடிகால் போல்ட்டைத் திருகினார். போல்ட்டு கையை விட்டு நழுவி, கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 'டபக்' என்று மூழ்க, அதன் பின்னாலேயே மொத்த ஆயிலும் சுடச்சுட இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தன் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் மச்சினன், அந்த அம்மாளின் தம்பி. ஒரு நிமிடம் நின்று பார்த்தான்.

"என்ன மாமா, வண்டிக்கு வயித்துப்போக்கா?"

மாமா ஆயில் டப்பாவுக்குள் கைவிட்டு போல்ட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். பாட்டிலில் மிச்சம் இருந்ததோ அடியை நனைக்கக்கூடக் காணாது. அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கி, தம்பியைப் பின்னால் உட்காரச் சொல்லி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"டேய், உன் வண்டியில கடைசியா ஆயில் எப்போடா பார்த்தே?" என்று கணவர் பின்னாலேயே ஓடினார்.

"இதுல ஆயில் வேற இருக்கா மாமா?" என்று திருப்பத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

பஸ்ஸைப் பிடித்து, முன்சட்டையெல்லாம் கறுப்பாக, சக பயணிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, அவர் டெஸ்ட் மைதானத்தை அடைந்தபோது மனைவி வரிசையின் முனைக்கு வந்திருந்தார். ஆயிலே பார்க்காத ஸ்கூட்டரின் மேல்! துணியும் கையுமாக இவர் கிட்டே போனார்.

"தொட்டீங்கன்னா..." என்றார் மனைவி, மெல்ல. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைந்த பிசைவைப் பார்த்தால் கல்லும் கரைந்திருக்கும்.

அப்போது வந்தார் இன்ஸ்பெக்டர். கஞ்சி போட்ட சட்டை, கடுகடு முகம். ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். குனிந்தார். "வண்டியை நடு ஸ்டாண்டு போடுங்கம்மா" என்றார். பிறகு, என்ன சொல்வேன், குத்துக்காலிட்டார். "துணி ஏதாவது இருக்கா?"

நம்மவர் பாய்ந்து போய்த் தன் துணியை நீட்டினார். ஊர் பேர் தெரியாத தேசத்தில் ஒன்றுவிட்ட அண்ணனைக் கண்டது போல அவர் பக்கத்தில் தானும் குத்துக்காலிட்டார். இருவர் தலையும் குச்சியின் மேல் கவிழ்ந்தன. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் கச்சிதமாக நடுவில் நின்றது ஆயில்.

"பார்க்கவே மாட்டான் சார் என் மச்சினன்! எப்படி சார் சரியா இருக்கும்?" நம்மவர் குரலில் நியாயமான வருத்தம்.

"இருங்க, குச்சியை நல்லாத் திருகிட்டு மறுபடி பார்ப்போம்."

"திருகக் கூடாது சார். சும்மா உள்ளே வச்சு எடுக்கணும்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? திருகினா ஆழமாப் போகும், கூடக் காட்டும்!"

"இத்தனை வருஷமா நான் திருகித்தான் பார்க்கிறேன்."

"இத்தனை வருஷமாத் தப்பாப் பார்த்திருக்கீங்க."

ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி பங்காளிகளாகிவிட்டார்கள். 'திருகு' கட்சியும் 'சும்மா வை' கட்சியும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்க, அந்த அம்மாள் நடுவில் புகுந்தார். இன்ஸ்பெக்டரின் விரல்களிலிருந்து குச்சியைப் பிடுங்கினார். துளைக்குள் விட்டார், திருகினார், ஏறிக் கிளப்பினார். காலை ஊன்றாமல், கைப்பிடி நடுங்காமல், கோபத்தில் இடுப்பு வளைந்து கொடுக்க, அந்த மைதானம் அதற்கு முன் கண்டிராத ஓர் எட்டைப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "எட்டுப் போடுங்கம்மா."

"போட்டாச்சு!" என்றது வரிசை மொத்தமும்.

"நான் பார்க்கலையே?"

இன்னொரு எட்டுப் போட்டார். இந்த முறை கண்ணைக் கணவர் முகத்தை விட்டு எடுக்காமல். பாஸ்.

திரும்பி வரும்போது தம்பி பஸ்ஸில் வந்தான். கணவர் ஸ்கூட்டரின் பின்னால், ஆயில் ஒட்டாமல் தள்ளி உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"கோவமா?"

"பேசாம வாங்க."

"நல்லா ஓட்டுற."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சிரிப்பு வந்தால் பின்னால் இருப்பவருக்குத் தோள் தெரியும். அவருக்கும் தெரிந்தது. வீடு வரும்வரை இருவரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் தன் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது. முதல் நாள், ரத்தக் குப்பிகள் வைக்கும் பெட்டியோடு அந்த அம்மாள் கிளம்பிப் போனதாக நினைத்து, கணவர் ஜன்னல் திரையை விலக்கினார். வாசலில், புதிய ஆயில் ஊற்றிய மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், இங்குமங்கும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், குத்துக்காலிட்டிருந்தார் அந்த அம்மாள். கையில் துணி. கணவர் சத்தம் போடாமல் திரையை மூடிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று ஒரு சின்ன ஆட்டம் ஆடினார்.

ஆம், இது தொற்றும். ரத்தப் பரிசோதனையில் தெரியாது, மருந்து கிடையாது, வண்டி இல்லாதவர்களுக்குக்கூட வரும். நமக்கெல்லாம் வராது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நல்லது, சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும். இவ்வளவு நேரம் ஊற்றினார், இழுத்தார் என்று கதை சொன்னேனே, அவர் ஊற்றியது எந்த கிரேடு ஆயில் என்று நான் சொல்லவே இல்லை. அது உங்களுக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை, இல்லையா?

உறுத்தியதா? அப்படியானால் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். வண்டி இந்நேரம் சூடு ஆறியிருக்கும்.