நான் பார்க்காத மார்மோரே அருவி

தென் ஐரோப்பாவில் பார்க்கத்தக்க அருவிகள் எவை என்று உத்திரமேரூரில் யாரேனும் கேட்டால், அவரை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். நானும் தயங்காமல் நான்கு பெயர்களைச் சொல்லுவேன். குரோவேசியாவின் பிளிட்விட்சே: ஏரிகளே படிக்கட்டாக அமைந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீரை இறக்கிவிடும் இடம். அதே நாட்டின் கிர்கா: அகன்று பல அடுக்காக விழுவது. (குளிக்கத் தடை, துண்டு கொண்டுபோக வேண்டா.) சுலோவேனியாவின் சவிட்சா: முழங்காலைக் காணிக்கையாகக் கேட்கும் படிகள், ஆயினும் ஏறியவர் வருந்தியதில்லை. நான்காவது, இத்தாலியின் மார்மோரே. நான்கிலும் தலைசிறந்தது அதுதான்.

அதை மட்டும் நான் பார்த்ததில்லை.

வழி தெரியாமல் தவறவிட்டேன் என்று எண்ண வேண்டா. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று, அருவிக்கு நேரெதிரே நின்றும் பார்க்காமல் திரும்பினேன். அதற்குத் தனித் திறமை வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எங்கள் மகள் செல்வி உரோமாபுரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். அவள் எங்களை அழைத்தபோது, என் மனைவி மரகதம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

“கோட்டை, சர்ச்சு, சிலை எல்லாம் நீங்க பாருங்க. எனக்கு ஒரு அருவி காட்டிட்டா போதும்.”

இதில் ஒரு பழைய குற்றச்சாட்டு மறைந்திருந்தது. மணமான புதிதில் அவளைக் குற்றாலம் அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். முப்பது ஆண்டுகளில் முப்பது சாரல் பருவங்கள் வந்துபோயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தரங்கோ விடைத்தாள் கட்டோ குறுக்கிட்டது. அவள் தந்தை சாலவாக்கத்துப் பக்கத்தில் நீர்க்கட்டியாக, அதாவது ஏரியின் மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பகிர்பவராக இருந்தவர். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர்தான் மரகதம் கண்ட மிகப் பெரிய அருவி.

ஆகவே மார்மோரே செல்லும் நாளில் நானே தலைமை ஏற்றேன். ‘மார்மோரே’ என்பது பளிங்கோடு தொடர்புடைய பெயர் என்று அறிந்து, குறிப்பேட்டில் ‘பளிங்கருவி’ என்று அதற்குப் பெயர்சூட்டு விழாவும் நடத்தி முடித்திருந்தேன். செல்வி எங்களைத் தொடர்வண்டியில் ஏற்றிவிட்டுப் பணிக்கு ஓடும்போது திரும்பிக் கத்தினாள்.

“நைனா, டைம் பார்த்துக்கினு போங்க! அதுக்கு டைம் கீது!”

“அருவிக்கு ஏதம்மா நேரம்? அது என்ன அஞ்சலகமா?” என்றேன். பெட்டியில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாததால் சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தெர்னி நகரில் இறங்கி, பேருந்து பிடித்து, அருவியின் வாயிலை அடைந்தோம். அங்கே ஒரு பலகையில் நேரங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பூங்கா திறக்கும் நேரம் போலும் என்று அதைக் கடந்தேன். உள்ளே நடந்து, திருப்பம் ஒன்றில் திரும்பி, நிமிர்ந்து பார்த்தோம்.

வானளாவிய ஒரு பாறைச்சுவர். அதன் நடுவே, சரியாக மூடாத குழாயிலிருந்து ஒழுகுவதைப்போல ஒரு நீர்க்கோடு.

முப்பது ஆண்டு வாக்கு, கடல் கடந்து வந்து இந்த ஒழுகலில் முடிந்ததே! தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லாதவன் செய்வதை நானும் செய்தேன்: விளக்கவுரை தொடங்கினேன். மேலை நாடுகளில் மழை குன்றி அருவிகள் வற்றிவருவதைப் பற்றி நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்க, மரகதம் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, இது வத்தல. மதகு மூடிக்கீறாங்க.”

“மரகதம், அருவி இயற்கையின் கொடை. அதற்கு மதகு வைக்கும் மூடன் உலகில் பிறக்கவில்லை.”

“பாசியைப் பாருங்க, ஈரம் காயல. மேல வரைக்கும் பச்சையா கீது. எங்க நைனா எத்தினி வாட்டி மதகு மூடிக்கீறாரு, எனக்குத் தெரியாதா?”

“உன் தந்தையார் திறந்தது ஏரி மதகு. இது ஐரோப்பா.”

“செரி, அங்க பாருங்க. இத்தினி பேரு வெயில்ல ரெயின்கோட்டு மாட்டிக்கினு நிக்கிறாங்களே, அவங்கல்லாம் லூசா?”

உண்மையிலேயே நின்றிருந்தார்கள். வெள்ளையர் தோல் வெயில் தாங்காது, அதனால் அப்படி அணிகிறார்கள் என்று விடையளித்தேன். (இதை எழுதும்போது கை கூசுகிறது.)

“நான் புறப்படுகிறேன். நீ வருகிறாயா?”

“நீங்க போயி பஸ்ஸாண்ட நில்லுங்க. நான் கொஞ்ச நேரம் குந்திக்கினு வரேன்.”

விறுவிறுவென்று வெளியேறி, பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: ‘பளிங்கருவி. காணத்தக்கதன்று.’ கீழே கோடும் இட்டேன்.

மை உலரும்முன் சங்கு ஊதியது. ஆலைச் சங்குபோல நீண்ட ஊதல். தொடர்ந்து மலைக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழுந்தது. நான் அமர்ந்திருந்த கல் அதிர்ந்தது. ஏதோ அணை உடைந்துவிட்டது என்றே முடிவுசெய்தேன். மரகதம் பாறையடியில் தனியே அமர்ந்திருக்கிறாள்! வாயிலுக்கு ஓடினேன். காவலர் சீட்டுக் கேட்டார். சீட்டு மரகதத்தின் கைப்பையில். பணமும் கைப்பேசியும் அதிலேயே. முப்பது ஆண்டுகள் மாணவர்களை ஆங்கிலம் கலவாதே என்று கண்டித்த வாய், “வொய்ஃப்! வாட்டர்! வொய்ஃப்!” என்று கூவியது.

அவர் பதறவில்லை. இரு கைகளையும் உயர்த்தி, விரல்களை அசைத்தவாறே மெல்லக் கீழிறக்கி, நீர் விழுவதுபோல நடித்துக் காட்டினார். பிறகு புன்னகையுடன் அந்தப் பலகையைச் சுட்டினார். நீர் திறக்கும் நேரம், மூடும் நேரம்.

எந்தக் காலத்திலோ உரோமானியர் சதுப்புநீரை வடிக்க வெட்டிய கால்வாயே அந்த அருவி என்பதும், இன்று அந்நீர் மின்சாரம் எடுக்கப் போகிறது என்பதும், குறித்த நேரங்களில் மட்டும் பாறையில் திறந்துவிடுகிறார்கள் என்பதும் பின்னர் செல்வி சொல்லித் தெரிந்தவை. சோழர் காலத்திலேயே ஏரியைப் பேண வாரியம் அமைத்ததைக் கல்லில் பொறித்துவைத்த ஊரிலிருந்து போனவன் நான். மதகு என்ற ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாயிலுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். மலைமுனை மறைத்ததால் அருவி தெரியவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் ஒரு சாரல் வந்து மூக்குக்கண்ணாடியில் படிந்தது, துடைத்துக்கொண்டேன்.

உறுமல் அடங்கியபின் அவள் வந்தாள். புடைவைக்குமேல் யாரோ கொடுத்த நெகிழி மழையங்கி. தலை முழுதும் நனைந்திருந்தது. ஓர் இத்தாலியப் பெண்மணி அவள் கையைக் கோத்துக்கொண்டு வந்தார். ஒருவர் இத்தாலியத்திலும் மற்றவர் சாலவாக்கத்துத் தமிழிலும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தார்கள். மரகதம் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை.

“எப்படி இருந்தது?” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள்; மூடினாள். மீண்டும் திறந்தாள். “சொல்லத் தெரில” என்றாள்.

தொடர்வண்டியில் குறிப்பேட்டைக் கேட்டாள். நான் எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அடிக்கப் பேனா எடுத்தேன், தடுத்துவிட்டாள்.

“அடிக்காதீங்க. அப்பிடியே இருக்கட்டும்.”

அதன்பின் மற்ற மூன்று அருவிகளையும் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். மார்மோரே போல் இல்லை என்று மூன்றிடத்திலும் சொன்னாள்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வருபவர்களிடம் முதல் மூன்றைப் பற்றி நான் பேசுவேன். நான்காவதை அவள் எடுத்துக்கொள்வாள். சொல்லத் தெரியவில்லை என்றவள் இன்று நிறுத்தாமல் சொல்கிறாள். சென்ற ஆண்டு அவ்வருவி நம் கோயில் கோபுரத்தை ஐந்து முறை அடுக்கிய உயரம் இருந்தது. இவ்வாண்டு எட்டுக்கு ஏறியிருக்கிறது. எவர் எழுத்தையும் சிவப்பு மையால் திருத்தாமல் விடாத நான் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரில் கண்டவளை எதைக்கொண்டு திருத்துவது?

கதை முடியும்போது யாரேனும் கேட்பார்கள்: “அப்போ சார் எங்க இருந்தாரு?” நான் காப்பி போடுவதற்காக எழுந்துவிடுவேன். ஆனாலும் அடுக்களை வரை தெளிவாகக் கேட்கும்.

“சாரா? வெளிய குந்திக்கினு, அருவி நல்லா இல்லன்னு எழுதிக்கினு இருந்தாரு.”