மன்னர் முகம் காட்டாத பெட்டி

ஆமோதபுரி என்று ஒரு நாடு. அங்கே மழைகூட அரண்மனையைக் கேட்டுத்தான் பெய்யும் என்பார்கள். பல வருடமாகப் பெய்யவில்லை என்பதால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

நாட்டில் வீட்டுக்கு வீடு கணினி உண்டு. எல்லாவற்றிலும் ஓடுவது அரண்மனையின் இயங்குதளம்தான். திறந்தால் முதலில் மன்னர் முகம் வரும். அது மறையும்வரை கைகூப்பி உட்கார்ந்திருப்பது வழக்கம். ஒவ்வோர் அரசாணைக்கும் முகம் கொஞ்சம் பெரிதானது, கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. கடைசியில் பழைய கணினிகள் பாரம் தாங்காமல் படுத்துவிட்டன. புதிய கணினி வாங்குவதே தேசபக்தி என்று அமைச்சர் அறிவித்தார். வாங்க வக்கில்லாதவர்கள் என்ன செய்வது என்று அந்த மகானுபாவர் சொல்லவில்லை.

சடையப்பர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி தையல்நாயகிக்குக் கடுமையான சர்க்கரை நோய். மாதாமாதம் அரசு தரும் ஊசி மருந்தில்தான் அந்த அம்மாளின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து அட்டை குடும்பத்தலைவர் என்ற முறையில் சடையப்பர் பெயரில் இருந்தது. கணினி படுத்ததும் அவர் தங்கை மகள் இளவேனியைக் கூப்பிட்டார். பலர் கூடி எழுதி, யாருக்கும் சும்மா கொடுக்கிற வேறோர் இயங்குதளத்தை அவள் போட்டுக்கொடுத்தாள். சடையப்பர் கைகூப்பி உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

“மாமா, அது எப்பவோ தெறந்தாச்சு.”

“அவர் இன்னும் வரலியேம்மா?”

“வரமாட்டார் மாமா. கையை எறக்குங்க.”

இறக்க அவருக்குப் பயம். அத்தை தையல்நாயகிதான் முதலில் பழகினார். வெளியூர்ப் பேத்தியின் முகத்தைத் திரை நிறையப் பார்த்து அழுதார். இதைக் கண்டு தெருவில் இன்னும் சிலர் இளவேனியைத் தேடி வந்தார்கள். அரண்மனைக்குப் பொறுக்குமா?

பொறுத்தது. தடை எதுவும் போடவில்லை. தினமும் மன்னர் முகம் காண்பவரே உயிரோடிருப்பவர் என்று ஓர் ஆணை மட்டும் வந்தது. அடுத்த மாதம் மருந்து வாங்கப் போன சடையப்பர், தாம் இறந்துவிட்டதை அங்கே தெரிந்துகொண்டார்.

இளவேனி மருந்து வழங்கும் அதிகாரியிடம் ஓடினாள். அவர் மிகுந்த பரிவோடு பேசினார். “சட்டம் சுதந்திரத்துக்கு எதிரானது அல்ல, அம்மா. எவரும் எந்த இயங்குதளத்தையும் வைத்துக்கொள்ளலாம். காலஞ்சென்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.”

பழையதையே திரும்பப் போட்டுவிடலாம் என்றால் அந்தக் கணினி அதை ஏற்கவில்லை. புதிது வாங்கலாம் என்றாலோ, இறந்தவர் பெயரில் விற்கக் கூடாதாம். வெளியே கிடைக்கிற மருந்து அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அத்தைக்குக் கால் வீங்கியது, பேச்சு குழறியது. என்னால் வந்ததுதான் இது என்று இளவேனி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரால் வந்தது என்று அந்த ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பாவிகள்.

அதற்குள் தேர்தல் வந்தது. வோட்டுப் போட்டுவிட்டால் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி ஆகுமே என்று சடையப்பருக்கு ஒரு நப்பாசை. சாவடியில் வரிசையில் நின்று பெயரைச் சொன்னார். சாவடி அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, அவருடைய வோட்டு காலையிலேயே மன்னருக்கு விழுந்துவிட்டது என்றார்.

சடையப்பர் முகம் மலர்ந்துபோனது. “அப்ப நான் உசுரோடதான இருக்கேன்? மருந்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கய்யா.”

“மருந்து வாங்கத்தான் உயிர் வேணும், பெரியவரே,” என்றார் அதிகாரி. “வோட்டுக்கு எதுக்கு?”