இடது பக்கம் பாருங்க, பெங்களூர்!

லண்டனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெங்களூரைச் சுற்றிக்காட்டிய ஒரே மனிதர் எங்கள் பெங்களூர் அண்ணைதான். இயற்பெயரை அவர் மனைவியிடம்தான் கேட்கவேண்டும். அவரும் சற்று யோசித்துத்தான் சொல்வார். அண்ணைக்கு அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடையில் கல்லா வேலை. அரை கிலோ வெண்டிக்காயை நிறுத்துப் பையில் போடுவதற்குள் பெங்களூர் லால்பாக் தோட்டத்தைப் பாதி வர்ணித்து முடித்துவிடுவார்.

அவரிடம் ஒரு வான் வண்டி இருந்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தால், லண்டன் பார்க்க அவருடன் அனுப்பிவிடுவோம். அவர் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் வானை மெதுவாக்கி, "உது என்ன அரண்மனை? பெங்களூரிலை ஒண்டு இருக்கு. உள்ளை விடமாட்டினம். வெளியிலை நிண்டு பாத்தாலே போதும்" என்பார். தெற்கு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் இருந்த வெறும் புல்வெளியில் ஆட்களை இறக்கி, "ஒரிஜினல் எரிஞ்சு போச்சு. இதைப் பாத்துக் கட்டின கண்ணாடி மாளிகை லால்பாக்கிலை இப்பவும் நிக்குது" என்று பெருமைப்படுவார். என் மனைவியின் பெரியப்பா யாழ்ப்பாணம் திரும்பி, லண்டனில் திப்பு சுல்தான் மாளிகை பார்க்கவேண்டிய இடம் என்று சொல்லித் திரிந்ததாகக் கேள்வி.

அண்ணையின் வர்ணனையில் சில விசேஷங்கள் உண்டு. சில இடங்கள் வந்ததும் யாழ்ப்பாணத் தமிழ் போய், "இடது பக்கம் பாருங்க, விதான சௌதா!" என்று இந்தியத் தமிழ் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே பகிடி விட்டு, ஒரே அளவு சிரிப்பார். திப்பு மாளிகை வருவதற்கு முன் கட்டாயம் இரண்டு தரம் இருமுவார். அவருக்குத் தடிமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இருமல் வரும்.

அந்தக் காலத்தில் லண்டனுக்கு வரும் வழியில், ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரைப் பெங்களூரில் சில மாதம் வைத்திருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மனைவி சுகந்திக்குத்தான் அதற்குமேல் ஒரு சந்தேகம் இருந்தது.

"உந்தாள் பெங்களூரைக் கண்ணாலையும் கண்டிருக்காது" என்று ஒருநாள் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மகளின்ரை கலியாணச் சேலை எடுக்க நாங்கள் அங்கைதானே போறம். அண்ணையும் வரட்டும். அப்ப தெரியும்."

கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணை முழங்கால் வலி என்றார். ஷிப்ட் மாற்ற ஏலாது என்றார். கடை முதலாளியே, "போயிட்டு வாங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்று தப்பும் வழியை அடைத்துவிட்டார். தோற்றுத் திரும்பினால் அந்தக் கல்லாவில் இனி அவர் வாய் திறக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். விமானத்தில் அவர் பெங்களூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சேலை எடுத்த மறுநாள் ஆட்டோ பிடித்து மூவரும் புறப்பட்டோம். அண்ணைக்குப் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "இடது பக்கம் பாருங்க, விதான சௌதா!" என்றார். இடது பக்கம் சிவப்பு நிறத்தில் ஏதோ ஒரு கட்டடம் நின்றது.

"சார், அது ஐகோர்ட்டு. விதான சௌதா ரைட்ல இருக்கு" என்றார் ஆட்டோக்காரர்.

அண்ணை அசரவில்லை. "முந்தி இடது பக்கம்தான் இருந்தது" என்றார்.

சுகந்தி என் விலாவில் இடித்தாள். அடுத்து அரண்மனை. வாசலில் நின்று, "உள்ளை விடமாட்டினம். இதிலை நிண்டு வடிவாப் பாருங்கோ" என்றார். அவருக்குப் பின்னாலேயே டிக்கெட் கவுண்டர் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போலாம் சார். டிக்கெட் எடுங்க" என்றான் கவுண்டரில் இருந்த பையன்.

"தம்பி வேலைக்குப் புதுசு போலை" என்று அண்ணை அவனுக்காக இரக்கப்பட்டார். சுகந்தி மூன்று டிக்கெட் எடுத்துவந்தாள். எப்போதும் முன்னால் நடக்கும் மனிதர், அரண்மனைக்குள் எங்களுக்குப் பின்னால் நடந்தார்.

லால்பாக்கில் கண்ணாடி மாளிகைக்கு முன் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கதையைக் காணேல்லை?" என்றாள் சுகந்தி. வெற்றி அவள் குரலிலேயே தெரிந்தது.

"இவ்வளவு பெரிசெண்டு நான் நினைக்கேல்லைப் பிள்ளை" என்றார் அண்ணை. பிறகு பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்து சொன்னார். "ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு லொட்ஜிலை வைச்சுப் பூட்டினவன். வெளியிலை போய் வாய் திறந்தா, பேச்சிலேயே சிலோன்காரர் எண்டு பிடிபட்டுப்போவியள் எண்டு சொல்லிப்போட்டான். ஜன்னலும் திறக்க ஏலாது. பக்கத்து அறையிலை ஒரு டூர் கைடு இருந்தவர். தமிழ்நாட்டுக்காரர். காலமை முகம் வழிக்கேக்கை பஸ்ஸிலை சொல்லுறது எல்லாத்தையும் ஒருக்காச் சத்தமாச் சொல்லிப் பாப்பார். நான் சுவரிலை காதை வைச்சுக்கொண்டு இருப்பன்."

"அப்ப அந்த இருமல்?" என்று கேட்டேன்.

"அவர் பீடி குடிக்கிறவர் தம்பி." கண்ணாடி மாளிகையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த மனிசன் மட்டும் இல்லாட்டி எனக்கு அங்கை விசர் பிடிச்சிருக்கும். ஒருநாளும் அவரின்ரை முகத்தைக் கண்டதில்லை."

சுகந்தி வெல்லத்தான் வந்தவள். ஆனால் அவள் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி அண்ணை, இந்த மாளிகைக்கு அவர் என்ன சொல்லுவார்? முழுக்கச் சொல்லுங்கோ" என்றாள். அவர் தொடங்கினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

லண்டன் திரும்பி நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி, "என்ன அக்கா, ஆள் பெங்களூர் பாத்தவரோ?" என்றார்.

"ஓம். எங்களுக்கு லால்பாக் காட்டினதே அவர்தான்" என்றாள் சுகந்தி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கல்லாவில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அண்ணை நிமிர்ந்தார். "பொய் சொல்லாதையுங்கோ பிள்ளை. நானும் இவையோடைதான் முதல்தரம் பாத்தனான்" என்றார். லொட்ஜில் பூட்டிய கதையை முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். கத்தரிக்காய் வாங்க வந்தவள் காசை நீட்டியபடி கேட்டுக்கொண்டு நின்றாள். வரிசை வாசல்வரை போய்விட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லை, கதையும் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்தக் குரலை விட்டுப் போக மனம் வராமல் கடைசிவரை நின்று கேட்டேன்.