சல்லடையில் நின்ற பங்கு

எந்தப் பங்கை வாங்கலாம் என்று இனிமேல் ஒருத்தரிடமும் டிப்ஸ் கேட்பதில்லை. எண்கள் பேசட்டும், நான் கேட்கிறேன் என்று தீர்மானித்தேன். வீட்டில் மனைவி பேசுகிறாள், நான் கேட்கிறேன். ஆக, பயிற்சிக்குக் குறைவில்லை.

இரண்டே சல்லடை. மார்க்கெட் மொத்தமும் சரியும்போது எது சரியாமல் நிற்கிறது என்று சலிப்பது முதலாவது. அதற்கு ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் என்று பேர். நின்றதில் எதை வாங்கவும் விற்கவும் கூட்டம் அலைமோதுகிறது என்று சலிப்பது இரண்டாவது. அது வால்யூம். சலித்துச் சலித்துக் கண் பூத்ததில் ஒரே ஒரு பம்பு கம்பெனி மிஞ்சியது.

பணம்? இருந்தது. மனைவி தையல் கடை வைக்க இரண்டு பேரும் சேர்த்து பேங்கில் போட்டது. எடுக்க அவள் கையெழுத்தும் வேண்டும்.

யாருடைய கால்சட்டைக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தவளிடம் லேப்டாப்பை நீட்டினேன்.

"மார்க்கெட்டே குப்புற விழுந்து கிடக்கு. இது மட்டும் எப்படி நிக்குது பார்த்தியா?"

"நிக்குதா, இல்ல அதை யாரும் தொடவே இல்லையா?"

"அதுக்குத்தான் வால்யூம்! போன மாசம் ஈ ஓட்டிக்கிட்டிருந்தது. இந்த வாரம் பிச்சுக்கிட்டுப் போகுது!"

"யாரு வாங்கறாங்களாம்?"

"எங்க ஆபீஸ்லயே பாதிப் பேரு வாங்கிட்டாங்க. மச்சானுக்கு, மாமனாருக்குன்னு வேற வாங்கிக் குவிக்கறாங்க."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"வேற யாரு? நான்தான்!"

பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஏங்க, கூட்டத்தைக் கூட்டினதும் நீங்க, ஐயோ கூட்டம்னு அசந்து போறதும் நீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மிஷின் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தம் தொந்தரவு என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இத்தனை நாளும் சலித்தேன்.

"தெருமுனைத் துணிக்கடையை மூடிட்டாங்க, தெரியுமா?" என்றாள். "புதுசு வாங்க முடியாதவங்க பழசைத் தூக்கிட்டு என்கிட்ட வர்றாங்க. ஊரே படுத்துக் கிடக்கு, என் மிஷின் நிக்கல. இதுக்கு உங்க சல்லடையில என்ன பேரு?"

"ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சோபா மேல, கட்டில் மேல, உங்க நாற்காலி மேல மலையா குவிஞ்சிருக்கே, அது?"

"வால்யூம்."

உட்கார இடமில்லாமல் நேற்று நின்றுகொண்டே சாப்பிட்டவன் நான். அப்போதும் மண்டையில் ஏறவில்லை. இவள் கடைப் பணத்திலா கைவைக்கப் பார்த்தோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. "பணம் எடுக்க நான் எங்க கையெழுத்து போடணும்? கடையே வை," என்றேன். மனசார, சந்தோஷமாகத்தான் போட்டேன்.

போட்ட பிறகு, போன மானத்தில் கொஞ்சமாவது மீட்கலாமே என்று சிரித்தேன்.

"ஆனா ஒண்ணு. எங்க ஆளுங்க இத்தனை பேர் வாங்கினா, எவனோ ஒருத்தன் வித்திருக்கணுமில்ல? இப்பப் போய் விக்கறான் பாரு, அந்த மடையன் எவனோ!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க மேனேஜர்தான். அவர்கிட்ட அந்தப் பங்கு வருஷக்கணக்கா விலைபோகாம கிடந்ததாம். திரைச்சீலை தைக்கக் குடுக்க வந்தப்போ அவங்க வீட்டம்மா உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாங்க."